பழைய மிதிவண்டியைச் செப்பஞ்செய்தல்

வீடு பழுதுற்றால் செப்பனிடுகின்றோம். கிணறு தூர்ந்தால் தூரெடுக்கின்றோம். சுவடி சிதைந்தால் பெயர்த்தெழுதுகின்றோம். நாள்தோறும் நம்மைச் சுமந்து சென்ற மிதிவண்டியையோ, பழையதாயிற்று என்றவுடன் பழைய இரும்பு வாங்குவோர்க்கு எடை போட்டுவிடுகின்றோம். அங்ஙனம் போடாது காக்க முனைவோருள்ளும் சிலர், காக்கும் முறை அறியாமையால் அதனைக் கெடுத்துவிடுதல் உண்டு. கெடுத்தவருள் யானும் ஒருவன். ஆதலின், இக்கட்டுரையை என் பிழையிலிருந்தே தொடங்குகின்றேன்.

சென்ற கோடை விடுமுறையில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் சாக்கு மூடிக் கிடந்த பழைய மிதிவண்டி ஒன்றை வெளியே எடுத்தேன். அஃது இங்கிலாந்தில் செய்யப்பெற்றுக் கப்பலேறி வந்தது. முதலில் என் கொள்ளுப்பாட்டனாரும், பின்னர்ப் பள்ளி ஆசிரியராயிருந்த என் பாட்டனாரும் ஏறியது. பாட்டனார் மறைந்தபின் அதனைத் தொட்டவர் எவருமிலர். அதனைப் புதிதாக்கிப் பாட்டியார்க்குக் காட்டவேண்டும் என்பது என் ஆசை. பழைய வண்ணத்தை முற்றும் சுரண்டுவித்துப் பளபளக்கும் கருவண்ணம் பூசுவித்தேன். சட்டத்தில் ஓடிய பொற்கோடுகள் போயின. செய்தவர் பெயர் தாங்கிய முத்திரை போயிற்று. இருக்கையின் அடியில் பொறித்திருந்த எண் வண்ணத்துள் மறைந்தது. துருப்பிடித்த மணியையும் கழற்றிப் பெட்டியில் எறிந்துவிட்டுப் புதுமணி பூட்டினேன். பாட்டியார் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "நன்றாகத்தான் இருக்கிறது, ராசா, ஆனால் இது தாத்தா வண்டி போல் இல்லையே" என்றார்.

மறுநாள் அதனை எங்களூர் மிதிவண்டிக் கடைப் பெரியவரிடம் கொண்டு சென்றேன். அவர் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, அச்சின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். "தம்பி, மேலே பூசினாய், உள்ளே பார்த்தாயா?" என்று கேட்டார். பிரித்துப் பார்த்தோம். கப்பும் கோனும் குழி விழுந்திருந்தன. பிரேக் ரப்பர் கல்லாகியிருந்தது. கைப்பிடித் தண்டு குழாயினுள் துருவேறி இறுகியிருந்தது. நிற்கவேண்டியவற்றை நீக்கினேன், நீக்கவேண்டியவற்றை நிறுத்தினேன். அன்று முதல், இக்கலை அறிந்தோர் எழுதியவற்றைத் தேடிப் படிக்கலானேன். எதனை நிறுத்துவது, எதனை நீக்குவது என்று பகுத்தறிதலே செப்பஞ்செய்தலின் உயிர் என்பதை அறிந்தேன். அதனை விளக்குதற்கு, உலகில் அரியனவாக மதிக்கப்பெறும் வண்டிகளுள் ஒருவகையான பிரான்சு நாட்டு நெடும்பயண மிதிவண்டியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஏனெனில், அவ்வண்டி காட்சிக்காக அன்றி, இரவும் பகலும் ஓடுதற்காகவே செய்யப்பெற்றது.

அவ்வகை வண்டி தோன்றிய வரலாற்றை முதற்கண் சுருக்கமாக நோக்குவோம். பிரான்சு தேசத்துச் சாந்தெத்தியேன் நகரில் பால் தெ விவீ என்னும் பெரியார் வாழ்ந்தார். அவர் காலம் 1853 முதல் 1930 வரை. வெலோசியோ என்னும் புனைபெயரில் அவர் எழுதிவந்தார். மிதிவண்டிக்கென்றே ஒரு பத்திரிகையும் நடத்தினார். மலையேறுவோர்க்கு ஒரே பல்சக்கரம் போதாது, சங்கிலி ஏறியிறங்கப் பல பல்சக்கரங்கள் வேண்டும் என்பது அவர் கொள்கை. பந்தய உலகமோ அதனை எளிதில் ஏற்கவில்லை. புகழ்பெற்ற தூர் தெ பிரான்சு பந்தயத்தில், சங்கிலியை ஒரு பல்சக்கரத்தினின்று மற்றொன்றிற்குத் தள்ளும் கியர்ப்பொறி 1937ஆம் ஆண்டில்தான் இடம்பெற்றது. பரிசை நாடாது பயணத்தை நாடியவர்களோ, பல ஆண்டுகள் முன்னரே அதனைக் கையாண்டு மலைகளைக் கடந்தனர். எனவே, நெடும்பயண வண்டி பந்தய வண்டியின் தம்பியன்று. சில துறைகளில் அதற்கு வழிகாட்டிய தமையனே எனலாம்.

இனி, நெடும்பயணம் என்பது எத்துணை நெடிது என்று காண்போம். பாரிஸ் மாநகரிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பிரெஸ்து நகர் சென்று மீளும் பயணம் 1891ஆம் ஆண்டில் முதன்முதல் ஒரு பந்தயமாக நடைபெற்றது. வழியின் நீளம் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். சார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் அதனை முடித்து முதல்வரானார். 1931 முதல், பந்தயக்காரர் அல்லாத பயணிகளும் அவ்வழியிற் செல்லலாயினர். இக்காலத்தில் அது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பரிசு கருதாப் பயணமாகவே நடைபெறுகின்றது. இறுதியாக 2023இல் நடந்தது. அதில் பெரும்பாலோர்க்கு வரையறுக்கப்பெற்ற நேரம் 90 மணி. அதிற் சேர விரும்புவோர் முன்னரே 200, 300, 400, 600 கிலோமீட்டர்ப் பயணங்களை முறையே பதின்மூன்றரை, 20, 27, 40 மணிக்குள் முடித்திருத்தல் வேண்டும். இத்தகைய தகுதிப் பயணங்கள் நம் நாட்டிலும், சென்னை, கோவை முதலிய நகரங்களிலிருந்து நடத்தப்பெறுகின்றன.

உறக்கம் குறைந்து, மழையில் நனைந்து, இருளில் ஓட்டவேண்டிய இப்பயணத்திற்கு எத்தகைய வண்டி வேண்டும்? சேறு தெறியாமற் காக்கும் மட்கார்டு வேண்டும். வழியைக் காட்டும் விளக்கு வேண்டும். உணவும் உடையும் வைக்கும் முன்பை வேண்டும். இவையெல்லாம் இருந்தும் எடை மிகலாகாது. இவற்றை ஒருங்கே நிறைவேற்றவல்லார் யாவர் என்று அறிய, 1930களிலும் 1940களிலும் பிரான்சில் வண்டிச் சோதனைகள் நடத்தினர். கற்கள் நிறைந்த மலைவழிகளில் வண்டிகளை ஓட்டுவித்து, உடைந்தனவற்றிற்கு மதிப்பெண் குறைத்து, இலேசானவற்றிற்கு மதிப்பெண் கூட்டினர். 1938ஆம் ஆண்டுச் சோதனைக்கு ரெனே எர்ஸ் என்னும் தொழிலறிஞர் கொணர்ந்த வண்டி, விளக்கும் மட்கார்டும் உட்பட எட்டுக் கிலோவிற்கும் குறைந்த எடையுடையதாயிருந்தது.

எர்ஸ் முன்னர் விமானத் தொழிலிற் பயின்றவர். அலுமினியக் கலவைகளைக் கையாளும் திறம் அங்கே கைவந்தது. பின்னர்ப் பாரிஸை அடுத்த லெவல்லுவா-பெரே என்னும் ஊரில் கடை வைத்து, ஒவ்வொரு வண்டியையும் அதனை ஓட்டுவார் உடலளவிற்கேற்பச் செய்தளித்தார். சட்டத்தை மட்டுமன்றிக் கிராங்கு, பிரேக், கைப்பிடித் தண்டு முதலிய உறுப்புக்களையும் தம் பட்டறையிலேயே செய்தார். விளக்கிற்குரிய மின்கம்பி குழாயினுள் ஓடும். முன்பையைத் தாங்கும் சட்டம் பிரேக்குடனும் மட்கார்டுடனும் பொருந்தி நிற்கும். கடையில் வாங்கிப் பூட்டிய பல பொருள்களின் தொகுதியாகத் தோன்றாது, ஒரே பொருளாக அது தோன்றும். 1976இல் அவர் மறைந்தார். அவர் மகளார் லில்லி எர்ஸும் மருமகனாரும் அத்தொழிலைச் சில ஆண்டுகள் தொடர்ந்தனர். இத்தகைய வண்டிகள் இன்று அரியனவாயின. ஓர் உறுப்பு தொலைந்தால் அதற்கு நேரான மற்றொன்றைக் கடையில் வாங்கிப் பூட்டுதல் எளிதன்று. இங்குதான் செப்பஞ்செய்வோன் கவலை தொடங்குகின்றது.

பழைய வண்டி ஒன்று கைக்கு வந்தவுடன் செய்யவேண்டிய முதற்செயல், எச்செயலும் செய்யாதிருத்தலே. கருவியை எடுக்குமுன் கண்ணை எடுக்கவேண்டும். வண்டியை நாற்புறமும் படம்பிடித்தல், எண்ணைக் குறித்தல், ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் அளவையும் எழுதிவைத்தல், கம்பிகள் எவ்வழியே ஓடுகின்றன என வரைந்துகொள்ளுதல் ஆகியவை முதலில் முடியவேண்டும். தமிழ் பயில்வார்க்கு இம்முறை புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல ஊர்களினின்று பல ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கிய பின்னரன்றோ பாடத்தைத் துணிந்தார்? ஏட்டில் ஓர் எழுத்துச் சிதைந்துள்ளதென்று தம் மனம்போன சொல்லை இட்டு நிரப்புதல் பதிப்பாகாது. அதுபோலவே, வண்டியில் ஒரு கோடு அழிந்துள்ளதென்று முழுவதையும் சுரண்டிப் பூசுதல் செப்பஞ்செய்தல் ஆகாது. என் பிழை இப்போது நேயர்கட்கு நன்கு விளங்கும்.

அடுத்து ஆராயவேண்டுவது சட்டம். நல்ல நெடும்பயண வண்டிகள் பலவற்றின் சட்டம், பர்மிங்காம் நகரத்து ரெய்னால்ட்ஸ் நிறுவனத்தார் 1935இல் வெளியிட்ட 531 என்னும் உருக்குக் குழாயாற் செய்யப்பெற்றது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த அவ்வுருக்கு மிக வலியது. ஆதலின், இணைப்புக்கு உரிய முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் குழாய்களைச் செய்தனர். நடுவிலுள்ள சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இத்துணை மெல்லிய சுவரை உள்ளிருந்து துரு தின்னுமாயின் வெளியே தோன்றாது. எனவே, இருக்கைத் தண்டைக் கழற்றி உள்ளே விளக்குக் காட்டிப் பார்க்கவேண்டும். குழாயைக் கவிழ்த்து மெல்லத் தட்டித் துருத்தூள் உதிர்கின்றதா எனக் காணவேண்டும். முன்னே மோதுண்ட வண்டியாயின், தலைக்குழாயை அடுத்து, மேற்குழாய் கீழ்க்குழாய் இவற்றின் அடிப்புறத்தில் சுருக்கம் விழுந்திருக்கும். விரலால் தடவினால் அது புலனாகும்.

சட்டம் நேராயுள்ளதா என்பதை ஒரு நூற்கயிற்றினாலேயே அறியலாம். பின்சக்கர அச்சு அமரும் இடப்பிளவில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொணர்ந்து, வலப்பிளவில் மறுமுனையை இழுத்துக் கட்டவேண்டும். கயிற்றிற்கும் இருக்கைக் குழாய்க்கும் இடையிலுள்ள தூரத்தை இருபுறமும் அளந்தால், நேரான சட்டத்தில் அவ்விரண்டும் ஒத்திருக்கும். வேறுபாடு சிறிதாயின் தேர்ந்த கையினர் காய்ச்சாமலே வளைத்துச் செம்மைப்படுத்துவர். உருக்கு அதற்கு இசையும் தன்மையது. ஆனால் குழாயில் வெடிப்புக் காணின், அக்குழாயை மாற்றுதலன்றி வேறு வழியில்லை.

இனி, பிரித்தலிற் பொறுமை வேண்டும். பழைய வண்டிகளில் அலுமினியத் தண்டு உருக்குக் குழாயினுள் இறுகிவிடுதல் பெருந்தொல்லை. மழைநீரும் வியர்வையும் புகுந்தவிடத்து, இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருத்தலால் அலுமினியம் அரிக்கப்பெற்று வெண்பொடியாகின்றது. அப்பொடி தான் தோன்றிய உலோகத்தினும் மிகுந்த இடத்தை வேண்டுதலால், தண்டு ஆப்புப் போல் இறுகுகின்றது. வண்டிச் சக்கரத்திற்குப் பட்டா போடும் கொல்லர், இரும்பைக் காய்ச்சி விரித்துப் பூட்டுதலை நாம் கண்டிருக்கின்றோம். அதனை எண்ணி இங்கும் குழாயைக் காய்ச்சத் தோன்றும். அது தவறு. அலுமினியம் உருக்கினும் ஏறக்குறைய இருமடங்கு விரியும் இயல்பினது. உள்ளும் புறமும் சேர்ந்து சூடேறினால் பிடி பின்னும் இறுகும். வண்ணமும் பொரிந்து கெடும். ஆதலின், ஊடுருவும் எண்ணெயை நாள்தோறும் விட்டுப் பொறுத்திருந்து, தண்டைப் பனிக்கட்டியாற் குளிர்வித்துத் திருகுதலே தக்கது. எவ்வாற்றானும் இளகாவிடின், காஸ்டிக் சோடாக் கரைசல் அலுமினியத்தைக் கரைத்து உருக்கை விட்டுவைக்கும். ஆனால், அது கண்ணையும் தோலையும் வண்ணத்தையும் தின்பது; கைதேர்ந்தவர் அன்றிப் பிறர் தொடலாகாது.

பிரித்தவற்றை மீளப் பூட்டும்போது மரையின் வேற்றுமையை மறத்தல் கூடாது. பழைய பிரெஞ்சு வண்டிகளின் அளவுகள் வேறு. நம் நாட்டிற் பழகிய ஆங்கில அளவுகள் வேறு. ஆங்கில முறையில், பெடலின் அச்சு சுழலும் அடிக்கூட்டில் வலப்புறக் கப்பு இடமரை உடையது. அதாவது, மற்றத் திருகுகளுக்கு மாறாகத் திருகக் கழல்வது. பிரெஞ்சு முறையிலோ பொதுவாக இருபுறமும் வலமரையே. பெடல் திருகும் துளை பிரெஞ்சு வண்டியில் 14 மில்லிமீட்டர். ஆங்கில வண்டியில் ஓர் அங்குலத்தைப் பதினாறு கூறாக்கியதில் ஒன்பது கூறு, அதாவது 14.3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேற்றுமை கண்ணுக்குத் தோன்றாது. ஆங்கிலப் பெடலை வலிந்து திருகினால், திரும்பப் பெறற்கரிய கிராங்கின் மரை ஒரு நொடியிற் பாழாகும். அளவுகோலைக் கையில் எடாது திருகுசாவியை எடுத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இதுகாறும் கூறியவை பொருள் கெடாமைப் பொருட்டு. இனிக் கூறுவது உயிர் கெடாமைப் பொருட்டு. ஒரு கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் ஒடிதலை யாவரும் அறிவர். ஒவ்வொரு மிதியும், ஒவ்வொரு பள்ளமும் வண்டியின் உறுப்புக்களைச் சிறிது வளைத்து நிமிர்த்துகின்றன. இதனால் விளைவதனை உலோகச் சோர்வு என்பர். உருக்கிற்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லைக்குட்பட்ட சிறு வளைவுகளை அது எத்துணை முறையும் பொறுக்கும். அலுமினியத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. சிறு வளைவாயினும் எண்ணிக்கை மிக மிக அது சோர்ந்துகொண்டே வரும். ஒருநாள் முன்னறிவிப்பின்றி ஒடியும். ஆகவே, அறுபது எழுபது ஆண்டு ஓடிய அலுமினியக் கைப்பிடி எத்துணைப் பளபளப்பாயிருப்பினும் நம்பத்தக்கதன்று. தண்டு கைப்பிடியைக் கவ்வும் இடம், கிராங்கில் பெடற்கண்ணைச் சுற்றிய இடம், ரிம்மிற் கம்பித்துளையின் விளிம்பு ஆகியவற்றில் மயிரிழை போன்ற வெடிப்பு உளதா எனப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்கவேண்டும். இருளில் மலையிறக்கத்திற் கைப்பிடி ஒடிந்தால், வண்டியின் அருமை ஓட்டியைக் காவாது.

அங்ஙனமாயின் அரிய உறுப்பை எறிந்துவிடுவதோ? அன்று. பழையதனைக் கழற்றித் துடைத்துப் பெயரெழுதிப் பெட்டியில் வைத்து, அதன் வடிவையும் அளவையும் ஒத்த புதியதனைப் பூட்டி ஓட்டவேண்டும். வண்டி வேறொருவர் கைக்கு மாறுங்கால் அப்பெட்டியும் உடன்செல்லவேண்டும். பதிப்பாசிரியர் தாம் கொள்ளாத பாடத்தையும் அடிக்குறிப்பில் தந்து செல்லுதலோடு இதனை ஒப்பிடலாம். நாம் செய்யும் மாற்றம் எதுவாயினும், பின்வருவோன் விரும்பினால் அதனை நீக்கிப் பழைய நிலையை மீட்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். சட்டத்திற் புதுத்துளை இடுதலும், பழைய பூணை அராவுதலும் மீட்கலாகாத செயல்கள். அவற்றை அஞ்சுதல் வேண்டும்.

தேய்வதற்கென்றே அமைந்த உறுப்புக்களில் இத்தகைய தயக்கம் வேண்டுவதில்லை. அச்சுக்குண்டுகளை ஒன்றிரண்டு மட்டும் மாற்றாது, ஒருங்கே மாற்றுவது முறை. பழையதும் புதியதும் கலந்தால் பெரிய குண்டின்மேலேயே பாரம் முழுவதும் விழும். குழி விழுந்த கோனை மாற்றி, புதிய கிரீசு இட்டு, ஆட்டமும் இன்றி இறுக்கமும் இன்றிப் பூட்டவேண்டும். சங்கிலியின் தேய்வை அளவுகோலால் அறியலாம். புதுச்சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம். பன்னிரண்டேகால் அங்குலத்திற்குச் சற்று முன்னரே, அதாவது அரைக்கால் அங்குலம் மிகுந்த அளவிலேயே, சங்கிலியோடு பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். பிரேக் ரப்பரையும் பிரேக் கம்பியையும் ஐயமின்றி மாற்றிவிடலாம். அவற்றிற் சிக்கனம் பிடிப்பது அறியாமை.

சக்கரத்திற் சிறிது நின்று பேசவேண்டும். பிரெஞ்சு நெடும்பயண வண்டிகள் பலவற்றில் 650பி என்னும் சக்கரம் பூட்டினர். டயர் அமரும் விளிம்பின் விட்டம் 584 மில்லிமீட்டர். இன்று பந்தய வண்டிகளிற் பெரும்பான்மையாகக் காணும் சக்கரத்தில் அது 622 மில்லிமீட்டர். சக்கரம் சிறிதாகவே, 42 மில்லிமீட்டர் வரை அகன்ற டயருக்கும் மட்கார்டுக்கும் இடம் கிடைக்கின்றது. அகன்ற டயரிற் காற்றைக் குறைவாக அடைக்கலாம். கல்லும் குழியும் உடலை உலுக்கா. பல மணி ஓட்டினும் கை மரத்துப்போதல் குறையும். இடையில் மெல்லிய டயரே விரைவு தரும் என்ற எண்ணம் பரவியதால் இவ்வளவு அருகியது. இந்நூற்றாண்டில் மக்கள் மீண்டும் அகன்ற டயரை நாடியதால், இன்று புதிய டயர்கள் கிடைக்கின்றன. பழைய ரிம்மும் ஹப்பும் நல்லனவாயின், கம்பிகளை மட்டும் புதிதாகக் கோத்து, கடைக்காரர் மொழியில் கூறுவதாயின், கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். கம்பிகளின் இழுவிசை ஒத்திருந்தாலன்றிச் சக்கரம் நெடுவழி தாங்காது.

விளக்கும் இருக்கையும் எஞ்சியுள்ளன. பழைய டைனமோ பொதுவாக 6 வோல்ட்டு, 3 வாட்டு அளவினது. அம்மின்சாரம் பழைய பல்பிற்கு மங்கிய ஒளியே தந்தது. அதே அளவு மின்சாரம் இக்கால எல்.இ.டி. விளக்கிற்குப் பேரொளி தருகின்றது. பழைய விளக்குக் கூட்டைச் சிதைக்காமல் உள்ளே புதுவிளக்கை அமைப்போரும் உளர். தோலிருக்கை காய்ந்து வெடித்திராவிடின் பிழைக்கும். அதன் தோலில் இருக்கைக்குரிய மெழுகை அளவாகத் தேய்த்து, முன்முனைத் திருகைச் சிறிது சிறிதாக இறுக்கலாம். எண்ணெயில் ஊறவைத்தால் தோல் தொய்ந்து பயனற்றதாகும்.

வண்ணத்தை ஈற்றில் வைத்தது ஏன் எனில், ஈற்றில் வைக்கத்தக்கது அதுவே ஆதலின். மென்துணியும் இளஞ்சோப்பு நீரும் கொண்டு அழுக்கை நீக்கியபின், மெழுகு பூசினாற் பல வண்டிகளில் அதுவே அமையும். உருக்கு வெளிப்பட்டுத் துரு ஏறிய இடத்தில் மட்டும் துருவை நீக்கி, ஒத்த நிறத்தைத் தொட்டுவைக்கலாம். குழாய்களின் உட்புறத்தில் துருக் காக்கும் எண்ணெய் விட்டு நாற்புறமும் உருட்டினால் பயன் பெரிது. பிறர் காணாத இடத்திலன்றோ துரு குடியிருக்கின்றது!

இவ்வளவும் முடிந்தபின், நேரே 200 கிலோமீட்டர் புறப்படுதல் ஆகாது. முதலில் வீட்டருகே 10 கிலோமீட்டர், பின் 30, பின் 100. ஒவ்வொரு முறையும் திரும்பிவந்து திருகுகளைச் சோதித்து, கம்பிகளை மீண்டும் இறுக்கி, இருக்கையின் உயரத்தை முழங்கால் சொல்வதைக் கேட்டுத் திருத்தவேண்டும். புதிதாகக் கோத்த கம்பியும், புதிதாகப் பூட்டிய கேபிளும் தம் இடத்தில் அமர்ந்துகொள்ள நாளாகும். இருளிலும் மழையிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பின்னரே வண்டி நெடும்பயணத்திற்கு உரியதாகும்.

ஈண்டு ஒருசாரார், "அரிய வண்டியைக் கண்ணாடிப் பேழையில் வைக்காது தெருவில் ஓட்டுதல் தகுமோ?" என வினவலாம். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. சோதனைக்கென்று எடையைக் கடுகக் குறைத்துச் செய்த வண்டியையும், அவ்வகையில் எஞ்சிய ஒன்றே ஒன்றையும் காட்சிச்சாலையில் வைத்தல் நன்று. அதனை ஒடித்துவிட்டால் எவரிடமும் சென்று கற்க இயலாது. ஏனையவற்றை ஓட்டுதலே அவற்றைச் செய்தார் கருத்தோடு இசையும். முன்பையிற் பாரம் ஏற்றியபோது வண்டி ஏன் நேரே செல்கின்றது, அகன்ற டயர் ஏன் களைப்பைக் குறைக்கின்றது என்பனவற்றைப் பேழையின்முன் நின்று அறிதல் அரிது. நெடும்பயணப் பாதையில், அவ்வண்டியே ஆசிரியனாய் நின்று உணர்த்தும்.

என் பாட்டனார் வண்டி எர்ஸ் வண்டியன்று, எளிய வண்டியே. எனினும், நெறி ஒன்றே. பூசாவிடுமுறையில் கடைப் பெரியவருடன் இருந்து கப்பும் கோனும் மாற்றினேன். இறுகிய தண்டு பதினொரு நாள் எண்ணெய்க்குப்பின் இளகிற்று. கைப்பிடியும் பிரேக்கும் உறுதியாயின. இருக்கையடியிற் பூசிய வண்ணத்தை மெல்லச் சுரண்டியபோது பழைய எண் வெளிப்பட்டது; அதனைக் குறித்துவைத்தேன். பொற்கோடுகளை மீளப் பெற வழியில்லை. போலிக்கோடு தீட்டவும் மனம் ஒப்பவில்லை. பெட்டியிற் கிடந்த பழைய மணியைத் துடைத்து, புதுமணியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்திற் பூட்டினேன். பாட்டனார் ஆசிரியராயிருந்த பள்ளி எங்களூருக்கு 14 கிலோமீட்டரில் உள்ளது. ஒருநாள் விடியலில் அங்கே சென்று மீண்டு, தெருமுனையில் மணியை அடித்தேன். பாட்டியார் வாயிலில் வந்து நின்றார். வண்டியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை, "காலையில் சாப்பிடாமலா போனாய்?" என்று மட்டும் கேட்டார். தாத்தாவிடமும் அவர் நாள்தோறும் கேட்ட கேள்வி அதுவே என்று பின்னர் என் தந்தையார் சொன்னார்.

நம் கல்லூரி வண்டிக் கொட்டகையிலும், நம்மவர் வீடுகளின் பின்கட்டுகளிலும் இத்தகைய வண்டிகள் பல துருவேறி நிற்கின்றன. நண்பர்களே, அவற்றுள் ஒன்றைச் செப்பஞ்செய்ய எண்ணுவீராயின், வண்ணக்கடைக்குச் செல்லுமுன் இருக்கையடியில் உள்ள எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்க. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, அச்சின்மேல் விரலை வைத்துப் பார்க்க.